ஊர்ப்பலகையில் பூட்டிய வரி

இந்த அவைக்குத் தலைமையேற்று, தன் நிமிர்ந்த தோற்றத்தால் இந்தத் தகரக் கொட்டகையையே ஒரு தர்பார் மண்டபமாக மாற்றி அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர், பெருமதிப்புக்குரிய ஸ்ரீநிவாசராகவன் ஐயா அவர்களே! ஊர்ப்பலகை என்னும் மென்பொருளை முதல் எழுத்திலிருந்து நான்காம் பதிப்பு வரை தோளில் சுமந்து வந்திருக்கும் எங்கள் குழுத் தலைவர் காலேப் அண்ணன் அவர்களே! சேலையூரிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும், மாடம்பாக்கத்திலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! வாசல் பக்கம் ஆட்டோக்களை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்க்கும் அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் ஜெயஸ்ரீ. இந்தக் குழுவில் சோதனை பார்ப்பவள். மற்றவர்கள் கட்டுவார்கள், நான் தட்டிப் பார்ப்பேன். எங்கே உடைகிறது, எங்கே கசிகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று தேடுவதுதான் என் வேலை. மேடை எனக்குப் பழக்கமில்லை. 

இன்று எனக்குச் சொல்லப்பட்டது சுருக்கமான வேலை. "மேடையேறி, சோதனை முடிந்தது, சரி என்று சொல்லிவிட்டு இறங்கிவிடு" என்றார்கள். நான் சரி என்றதும் காலேப் அண்ணன் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவார். நான்காம் பதிப்பு வெளியாகிவிடும். பிறகு எல்லோருக்கும் கேசரி. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: சோதனை பார்ப்பவர் சரி என்று சொல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது.

அவையோரே, நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சொல்ல முடியவில்லை.

காலேப் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். இதை அவரிடம்கூட நான் தனியாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் இன்னும் சற்று நேரத்தில் உங்களுக்கே புரிந்துவிடும்.

என்ன அண்ணா, பின்னாலிருந்து? "கேசரி ஆறிடப் போவுதும்மா, மேட்டருக்கு வா" என்கிறீர்களா? வருகிறேன்.

ஊர்ப்பலகை என்றால் என்ன என்று அறியாதவர்கள் ஓரிருவர் இருக்கலாம். ஒவ்வொரு தெருவுக்கும் இணையத்தில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் யாரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். மழை நாளில் பல்லாவரம் தொடங்கி மறைமலை நகர் வரை ஆயிரமாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஆயிரம் கைகள் எழுதினாலும் ஒரு எழுத்து தொலையாது, ஒரு வரி குழம்பாது, ஒரு பக்கமும் நடுவில் உறைந்து நின்றுவிடாது. அதைச் செய்து காட்டியிருக்கிறது இந்த நான்காம் பதிப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமைக்குரியதைப் பெருமை என்று சொல்லத்தானே வேண்டும்?

ஆனால் இந்தப் பதிப்பில் ஒரு புது வசதி இருக்கிறது. அதன் பெயர் பூட்டு. சங்கப் பொறுப்பாளர்கள் எழுதிய வரியை இனிமேல் வேறு யாரும் திருத்த முடியாது. எழுதியவர் மட்டுமே திருத்தலாம்.

இந்தப் பூட்டைக் கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன மழைக்கு முந்தைய மழையில் எவனோ ஒருவன் "ஏரி உடைந்துவிட்டது" என்று எழுதிவிட்டான். ஜனம் தெருவில் ஓடியது. ஓட்டத்தில் விழுந்த ஒரு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர் இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். அந்த வலியில் பிறந்த பூட்டு இது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் போன மழையில் நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும்.

கால்வாய்த் தெரு, உங்களுக்குத் தெரியும். முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து தாம்பரம் போகக் குறுக்கு வழி. அன்று காலையில் அந்தத் தெருப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதினார்: "கால்வாய்த் தெரு. தண்ணீர் இல்லை. வண்டிகள் செல்லலாம்." அவர் எழுதியது பொய்யா? இல்லை! அவர் எழுதிய நேரத்தில் தெரு காய்ந்துதான் கிடந்தது. காலை நடையில் பல தெருக்களைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் எழுதினார்.

மதியத்துக்கு ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கியது. வழிந்த தண்ணீர் கால்வாயை நிறைத்தது. நிறைந்த கால்வாய் தெருவுக்குள் புகுந்தது.

அந்தத் தெருவில் குடியிருக்கும் புஷ்பலதா அக்கா வாசற்படியில் நின்று பலகையைத் திறந்தார். அவருக்கும் அவர் கணவர் கோபு அண்ணனுக்கும் நடந்த பேச்சை, அவர்கள் அனுமதியோடு அப்படியே சொல்கிறேன்.

"ஏங்க, சார் தண்ணி இல்லன்னு போட்டுகிறாரு."

"போட்டா போடட்டும்."

"இங்க முட்டிக்கு மேல ஓடுதே! நான் அத்த அடிச்சிட்டு எழுதட்டா?"

"இன்னா, பைத்தியமா நீ? சார் எழுதுனத நீ அடிப்பியா? நாளைக்கி தெரு லைட்டு எரியலன்னா அவராண்டதான் போய் நிக்கணும்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"மொதல்ல ஒரு கும்பிடு போடு. அப்பால கீழ பணிவா எழுது."

அக்கா கும்பிடு போட்டார். கும்பிடு என்றால் தெரியுமல்லவா? பலகையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கைகூப்பிய படம் ஒன்று இருக்கும். அதை அழுத்திவிட்டு, கீழே எழுதினார்: "தகவலுக்கு நன்றி ஐயா. எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருப்பது போல் தெரிகிறது."

முழங்காலுக்கு மேல் ஓடும் வெள்ளம், இருப்பது போல் தெரிகிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு அக்கா மட்டுமா? எதிர்வீட்டார் கும்பிட்டார். பக்கத்து வீட்டார் கும்பிட்டார். முதல் மாடிக்காரர் "அருமையான சேவை ஐயா" என்று எழுதிக் கும்பிட்டார். தண்ணீரைப் பார்க்காதவர்கள் கும்பிட்டார்கள், தண்ணீரில் நின்றவர்களும் கும்பிட்டார்கள். பெரியவர் ஒருவர் வாய் திறந்தால் படித்துப் பார்க்கும் முன்பே கைகூப்புவது நம் வழக்கம் இல்லையா? வாட்ஸ்அப் குழுவில் தலைவர் தவறுதலாக ஒரு புள்ளி அனுப்பினால்கூட அதற்கு நாற்பது கும்பிடு விழுவதில்லையா?

ஆனால் மென்பொருளுக்கு நம் மரியாதை தெரியுமா? கும்பிடுவதும் ஒப்புக்கொள்வதும் வேறு வேறு என்று யார் அதற்குச் சொன்னார்கள்? கைகூப்பியவர் எல்லாம் "ஆமாம், சரிதான்" என்கிறார் என்று அது எடுத்துக்கொண்டது. கும்பிடு ஏற ஏற அந்த வரி மேலே ஏறியது. வெள்ளம் ஏற ஏற கும்பிடும் ஏறியது. கடைசியில் பலகை அந்த வரிக்குப் பச்சை நிறம் கொடுத்தது. பச்சை என்றால் பலர் உறுதி செய்த செய்தி, நம்பிப் போகலாம் என்று பொருள்.

நம்பிப் போனவர் தௌசிப்.

தௌசிப் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய தந்தை, அவர் அத்தா என்று அழைக்கும் ஹிதாயத்துல்லா அவர்கள், தாம்பரம் சந்தைக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். வெயிலோ மழையோ அவர் போயே ஆக வேண்டும். ஒரு தடவை தவறினால் நீர் நெஞ்சில் கட்டிவிடும். மூச்சு நின்றுவிடும்.

அன்று கிளம்பும்போது அம்மா நஃபீசா சொல்லியிருக்கிறார்: "பெரிய ரோட்லயே போடா. லேட்டானாலும் பரவால்ல."

தௌசிப் கைபேசியைக் காட்டியிருக்கிறார். "அம்மா, கால்வாய்த் தெரு பச்சையா கீது பாரு. இத்தினி பேரு கும்பிடு போட்டுகிறாங்கோ. இத்தினி பேருமா பொய் சொல்லுவாங்க?"

யாருமே பொய் சொல்லவில்லை, அவையோரே! அதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் உண்மையும் சொல்லவில்லை.

தெருவின் நடுவில் ஆட்டோ நின்றுவிட்டது. தண்ணீர் இருக்கை வரைக்கும் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"அத்தா, என் கைய வுடாத."

"நீ மொதல்ல வண்டியப் பாருடா."

"வண்டி போனா போவுது அத்தா! நீ என் தோள புடிச்சிக்கோ."

தோளில் தூக்கினார். கால் வழுக்கியது. தந்தையின் முகம் ஒருமுறை தண்ணீருக்குள் போய் மேலே வந்தது. தௌசிப் போட்ட கூச்சல் கேட்டுத்தான் கோபு அண்ணன், தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில் உட்கார வைத்து நாலு பேர் பல்லக்குப் போலச் சுமந்து பெரிய சாலைக்குக் கொண்டு சேர்த்தார்கள். மருத்துவமனையில் தீவிர சிகிச்சை. உயிர் இருக்குமா போகுமா என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நஃபீசா அம்மா நின்றார்.

பிழைத்தார். நம் நல்வினை, அவர் பிழைத்தார். இன்றும் வாரம் மூன்று நாள் அதே வழியாகத்தான் போகிறார். மழைக்காலம் மறுபடியும் வாசலில் நிற்கிறது.

என்ன தவறு நடந்தது என்று தேடிக்கொண்டு நான் தௌசிப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "உங்க பலகைய போன்லேந்து தூக்கிட்டேன் மேடம். கெட்டவன் பொய் சொன்னா கண்டுபுடிச்சிடலாம். நல்லவங்கோ கும்பிடு போட்டா இன்னா பண்றது? அதான் பேஜாரு."

இப்போது சொல்லுங்கள். அன்றாவது புஷ்பலதா அக்கா மனது வைத்திருந்தால் அந்த வரியைத் திருத்தியிருக்க முடியும். தயக்கம் மட்டும்தான் தடை. நாளை நான்காம் பதிப்பு வந்துவிட்டால்? மனது வைத்தாலும் முடியாது! தயக்கத்துக்கு மேலே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு பூட்டு. ஹிதாயத்துல்லா ஐயாவின் ஆட்டோ மறுபடியும் காலையில் எழுதிய ஒரு பழைய வரியை நம்பி வரும். அந்த வரியைத் திருத்தத் தெருவே சேர்ந்து நினைத்தாலும் முடியாது. இதற்கா நான் சரி என்று சொல்ல வேண்டும்? இதற்கா?

மணி அடிக்கிறது. நேரம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. மன்னியுங்கள், இன்னும் கொஞ்சம்...

ஐயா ஏதோ கேட்கிறார். ஒலிவாங்கி இல்லாததால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. தலைவர் ஐயா கேட்கிறார்: "அந்த வரியை எழுதினது யாரும்மா? பேரைச் சொல்லு. அவரைக் கூப்பிட்டுப் பேசணும்."

ஐயா...

இந்த மேடையில் எனக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை.

ஐயா, அந்த வரியை எழுதியது நீங்கள்.

சற்று அமைதியாக இருங்கள். தயவு செய்து உட்காருங்கள். சங்கத்து அண்ணன்களே, கையை இறக்குங்கள், நான் ஐயாவை அவமதிக்க வரவில்லை. அங்கே மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்பவர் என் அம்மா முத்தாலம்மாள். சேலையூரில் மீன் விற்கிறார். "ஏய், இன்னா பேசிகினு கீற நீ? எவ்ளோ பெரிய மனுசன் உக்காந்துகினு கீறாரு! எறங்குடி கீழ!" என்கிறார். அம்மா, கேட்டது. நீயும் பெரியவள்தான். நீ சொன்னதையும் இப்போது நான் கேட்க முடியாது. உட்கார் அம்மா.

ஐயா, இத்தனை மாதங்களாக இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு முறை உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். சுற்றியிருந்தவர்கள், "சார் மனசு கஷ்டப்படும், விடும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்களே ஓடிப் போயிருப்பீர்கள். உங்கள் மேல் வைத்த மரியாதை உங்களையே இருட்டில் வைத்துவிட்டது ஐயா. தனியாகச் சொல்லியிருந்தால் இதுவும் காதோடு காதாக அடங்கியிருக்கும். பூட்டும் அப்படியே வெளியாகியிருக்கும். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஐயா மறுபடியும் கேட்கிறார்: "சரிம்மா, ஒத்துக்கறேன். ஆனா பூட்டை எடுத்துட்டா, அந்த ஏரிப் புரளி மாதிரி நாளைக்கு இன்னொருத்தன் எழுதினா?"

நியாயமான கேள்வி. இதற்கான பதிலைக் காலேப் அண்ணன் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார். பலகையில் எதை அடித்தாலும் அது அழிவதில்லை. பழைய வரி, புது வரி, திருத்தியவர் பெயர், எல்லாம் கீழே அப்படியே இருக்கும். பொய் எழுதினால் ஒரு தொடுதலில் பழையதை மீட்கலாம். கும்பிடையும் இந்தப் பதிப்பில் இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒன்று "நன்றி". இன்னொன்று "நேரில் பார்த்தேன்". நன்றி எவ்வளவு விழுந்தாலும் வரி பச்சையாகாது. நேரில் பார்த்தவர்கள் சொன்னால்தான் பச்சை. வணங்குவதற்கு ஒரு பொத்தான், சாட்சி சொல்வதற்கு ஒரு பொத்தான். பூட்டு ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது.

தலைக்கு மேலே சத்தம் கேட்கிறதா? தகரத்தில் விழும் சத்தம்?

எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறீர்கள். இப்போது இந்தத் திரையைப் பாருங்கள். சோதனைக்காக ஓடும் நான்காம் பதிப்பு இது. இன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் கைபேசியிலும் இந்தச் சோதனைப் பதிப்பே இருக்கிறது. இந்தக் கொட்டகை இருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில், இன்றைய கூட்டத்துக்காக ஐயா மாலையில் எழுதியிருக்கிறார்: "ராஜகீழ்ப்பாக்கம். வானம் தெளிவு. மழை இல்லை. அனைவரும் வருக."

முன்வரிசையில் இருக்கும் புஷ்பலதா அக்கா, அதைத் திருத்திப் பாருங்கள்.

என்ன வருகிறது? உரக்கப் படியுங்கள். "இந்த வரியைத் திருத்த உங்களுக்கு அனுமதி இல்லை."

கேட்டீர்களா? கூரையே கத்துகிறது மழை என்று. பலகை சொல்கிறது அனுமதி இல்லை என்று!

ஐயா எழுந்துவிட்டார். காலேப் அண்ணன் பக்கம் போகிறார். என்ன சொல்கிறார்? "காலேப், எடுத்துடுப்பா அதை. இப்பவே எடு." அண்ணன் தட்டுகிறார்... இதோ, பூட்டுப் படம் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

இனி யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்துங்கள்!

ஏன் தயங்குகிறீர்கள்? இத்தனை கைகள், இத்தனை கைபேசிகள், ஒரு விரல் அசையவில்லையே! திரையில் ஏதோ ஏறுகிறது பாருங்கள். நன்றி, நன்றி, நன்றி! பூட்டை எடுத்ததற்கு ஐயாவுக்கு நன்றி போடுகிறீர்கள்! மழை இல்லை என்ற வரிக்கு மழைக்குள் உட்கார்ந்துகொண்டு நன்றி!

நானே திருத்துகிறேன். ஐயா, உங்கள் வரியை அடிக்கிறேன். எழுதுகிறேன்: "ராஜகீழ்ப்பாக்கம். தூறல்."

ஐயா எங்கே போகிறார்? வழி விடுங்கள், வாசலுக்குப் போகிறார். வெளியே கையை நீட்டுகிறார். இல்லை, முழுசாக வெளியே போய்விட்டார்! குடை கொண்டு போகாதீர்கள் அண்ணா, அவர் வேண்டாம் என்கிறார். திரும்பி வருகிறார். சட்டை தோள் நனைந்திருக்கிறது. கைபேசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுத்துகிறார். திரையைப் பாருங்கள்: "நேரில் பார்த்தேன். ஸ்ரீநிவாசராகவன்."

கைதட்டுங்கள், தட்டலாம். ஆனால் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஒருவர் திருத்தினால் போதாது. என்னைத் திருத்த இந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

கொஞ்சம் பொறுங்கள். திரை மாறுகிறது. நான் எழுதிய வரியை யாரோ அடித்துவிட்டார்கள்! படிக்கிறேன்: "தூறல் இல்லை. பலத்த மழை. வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிட்டது. மாடம்பாக்கம் போகிறவர்கள் உடனே கிளம்பவும்."

திருத்தியவர் பெயர்: தௌசிப்.

வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறார். தூக்கிப் போட்ட பலகையை மறுபடியும் கைபேசியில் ஏற்றியிருக்கிறார். அண்ணா, உள்ளே வாருங்கள். என்ன? "வரமாட்டேன் மேடம், தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு பாத்துகினு கீறேன்" என்கிறார்.

காலேப் அண்ணா, சரி. வெளியிடுங்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் குரல் கொடுத்தவர்களுக்கும், நனைந்து வந்து சாட்சி சொன்ன ஐயாவுக்கும், என் வரியைப் பிழை என்று சொன்ன தௌசிப் அண்ணனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பத்திரமாக வீடு சேருங்கள். சேர்ந்ததும் உங்கள் தெருவைப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். வணக்கம்.